வால் அறுந்த ஜிப் கோப்பு

கொரோனா வந்து கேரள எல்லையை மூடியபோது என் மனைவி மலைமேல் இருந்தாள். ஒன்றரை வயது மகளோடு நான் போடியில் இருந்தேன்.

போடிமெட்டுக்கு அப்பால் ஓர் ஏலக்காய் எஸ்டேட்டின் மருந்தகத்தில் அவள் நர்ஸாக இருந்தாள். பிரசவத்துக்காக எடுத்த ஒரு வருட விடுப்பு முடிந்து வேலைக்குத் திரும்பிச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. விடிந்தும் விடியாமலும் தொழிலாளர் ஜீப்பில் ஏறிப் போவாள், பொழுது சாயும்போது இறங்கி வருவாள். வந்ததும் கை கால் கழுவிவிட்டுப் பிள்ளைக்குப் பால் கொடுக்க உட்கார்ந்துவிடுவாள். அந்த வாரம் மருந்தகத்தின் இன்னொரு நர்ஸ் சொந்த ஊருக்குப் போயிருந்ததால், இரண்டு நாள் அங்கேயே தங்கச் சொல்லிவிட்டார்கள். மாற்றுத்துணியாக இரண்டு சேலைகளை மடித்துப் பையில் வைத்தவள், வாசலில் நின்று என் அக்காவிடம், “ரெண்டே நாளுதான் மதினி, வெரசா வந்துர்றேன்” என்று சொல்லிப் போனாள். கணவர் இறந்த பிறகு அக்கா எங்களோடுதான் இருக்கிறாள்.

மறுநாள் சாயங்காலம் மெட்டில் தடுப்பு விழுந்தது. ஜீப்புகள் எல்லாம் கீழேயே நின்றுவிட்டன. ஊருக்குப் போன நர்ஸால் திரும்ப முடியவில்லை. வாரம் ஒருமுறை வந்துபோகும் டாக்டரும் வருவதை நிறுத்திவிட்டார். தொழிலாளர்கள் குடியிருக்கும் ஏழெட்டு வரிசை லயன் வீடுகளுக்கும் இவள் ஒருத்திதான் என்று ஆகிவிட்டது. சில வாரம் கழித்து இரண்டு மாநிலத்திலும் பாஸ் வாங்கினால் இறங்கலாம் என்றார்கள். ஆனால் இறங்கினால் மறுபடி ஏற முடியாது. அங்கே இரண்டு பெண்கள் மாசமாக இருந்தார்கள். அவள் இறங்கவில்லை. நானும் இறங்கி வா என்று வாய்விட்டுச் சொல்லவில்லை.

மருந்தகத்தில் போனுக்கு சிக்னல் கிடையாது. ஏலக்காய் காயவைக்கும் ஸ்டோருக்குப் பின்னால் ஒரு சரிவில் ஏறினால் பாறை ஒன்று உண்டு. மத்தியானம் அதன்மேல் நின்றால் ஒரு கோடு விழும், போகும், மறுபடி விழும். பேசினால் “கேக்குதா, கேக்குதா” என்பதிலேயே நேரம் தீர்ந்துவிடும். வீடியோவுக்கு வாய்ப்பே இல்லை.

நான் சென்னை நிறுவனம் ஒன்றுக்கு வீட்டிலிருந்தபடியே நிரல் எழுதிக்கொண்டிருந்தேன். என் கைக்குத் தெரிந்த சோலி அது ஒன்றுதான், அதையே செய்தேன். பைதான் மொழியோடு ஜிப் கோப்புகளைக் கையாள ஒரு லைப்ரரி சேர்ந்தே வரும். யாரோ முன்பே எழுதிவைத்த ஆயத்த நிரல் அது. கோப்புகளை ஒரே கட்டாகக் கட்டும், பிரிக்கும், உள்ளே இருப்பவற்றின் பட்டியலைப் பிரிக்காமலே காட்டும், ஏதாவது ஒன்று வழியில் கெட்டிருந்தால் சொல்லிவிடும். அதை வைத்து ஒரு சின்ன நிரல் எழுதினேன். பிள்ளையின் படங்களையும் குரலையும் ஒரு கட்டாகக் கட்டி, அந்தக் கட்டைச் சிறு துண்டுகளாக வெட்டி அனுப்பும். சிக்னல் அறுந்தால் விட்ட துண்டிலிருந்து மறுபடி தொடங்கும். அவள் போனில் துண்டுகளை ஒட்டித் திறக்கவும் அங்கிருந்து அனுப்பவும் ஒரு வலைப்பக்கம் செய்து கொடுத்தேன்.

ஜிப் செய்தால் எல்லாம் சுருங்கிவிடும் என்று நினைத்துத்தான் ஆரம்பித்தேன். முதல் நாளே அது பொய்யாயிற்று. படத்தையும் குரலையும் போனே பிழிந்து சுருக்கித்தான் வைத்திருக்கிறது, அதற்குமேல் பிழிய அதில் ஒன்றும் மிச்சமில்லை. அதனால் படங்களின் அளவை நானே வெட்டிக் குறைத்தேன். ஒருநாள் பிள்ளைக்குப் புதுப் பல் முளைத்திருக்கிறது என்று எழுதிப் படம் அனுப்பினேன். மறுநாள் மத்தியானம் அவளிடமிருந்து பதில் வந்தது: ‘பல்லுன்னு சொன்னீங்க, படத்துல காணோமே.’

நான் சுருக்கிய சுருக்கில் பல் போயே போய்விட்டது. அன்று பிள்ளையை மடியில் போட்டு அக்கா வாயைத் திறந்து பிடிக்க, பல்லை மட்டும் பெரிதாக எடுத்தேன். அந்த ஒரு படத்தைச் சுருக்காமல் அனுப்பினேன். பதினாறு துண்டுகள். அவள் பாறைமேல் ஒரு மணி நேரத்துக்கும் மேலாக நின்று வாங்கியிருக்கிறாள். ‘பாத்துட்டேன்’ என்று மட்டும் பதில் வந்தது.

அவள் அனுப்பும் கட்டு வந்து சேர்ந்ததும் நான் உடனே பிரிக்கமாட்டேன். முதலில் உள்ளே என்னென்ன இருக்கிறது என்று பட்டியலைப் பார்ப்பேன். பதிவுகளுக்கு அவளே பெயர் வைப்பாள். பாப்பாவுக்கு ஒன்று, பாப்பாவுக்கு இரண்டு, பாப்பாவுக்கு மூன்று. கடைசியில் சில நாள் ‘உங்களுக்கு’ என்று ஒன்று இருக்கும். பட்டியலில் அந்தப் பெயரைக் கண்டால் மற்றதை விட்டு அதைத்தான் முதலில் பிரிப்பேன். திறந்தால், மதினிக்குச் சர்க்கரை மாத்திரை தீர்ந்திருக்கும், வாங்கி வையுங்கள் என்று இருக்கும். பிள்ளைக்குச் சூடு கட்டி வந்தால் என்ன தடவ வேண்டும் என்று இருக்கும். அவள் அப்படித்தான். ஆசையாக ஒரு வார்த்தை பேசினாலும் பாதியில் வெட்கப்பட்டு வேறு பேச்சுக்குப் போய்விடுவாள். அது எனக்குத் தெரியும். தெரிந்தும் ஒவ்வொரு நாளும் அந்தப் பெயரைத் தேடினேன்.

பிள்ளைக்கு அவள் அனுப்பியதெல்லாம் வேறு மாதிரி. அன்றைக்கு மருந்தகத்துக்கு வந்த நாயைப் பற்றிச் சொல்வாள். லயன் வீட்டுப் பெண் ஒருத்தி பலாப்பழம் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, “சிஸ்டரே, குஞ்ஞு என்ன சொல்லுது?” என்று பிள்ளையை விசாரித்ததைச் சொல்வாள். மழை பெய்யும் சத்தத்தை அப்படியே பிடித்து அனுப்புவாள். முதல் தடவை குரலைக் கேட்டபோது பிள்ளை போனைப் பிடுங்கித் திருப்பிப் பின்பக்கம் பார்த்தாள். பிறகு கட்டிலுக்கு அடியில் தேடினாள். அக்கா சேலை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சமையல்கட்டுக்குள் போய்விட்டாள்.

ஒரு மாதம் போனது. ஒருநாள் காலை மேசைமேல் இருந்த என் போனைக் காட்டி, பிள்ளை “மா” என்றாள். அவள் வாயில் அந்தச் சொல் வந்தது அதுதான் முதல் தடவை. என்னை அத்தா என்று ஏற்கெனவே கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். நான் போனை எடுத்ததும் கையை நீட்டி மறுபடி “மா, மா” என்று கேட்டாள். அக்காவின் போனில் அதைப் பதிவு செய்துவிட்டேன். அன்றைய கட்டில் சேர்த்தேன். அனுப்பப் போகும் நேரத்தில் பட்டியலைப் பார்த்தேன். பிள்ளை அம்மா என்று சொல்லிவிட்டாள் என்றால் மகிழ்வாள். எதைப் பார்த்துச் சொன்னாள் என்று கேட்பாளே? அவளிடம் எனக்குப் பொய் சொல்ல வராது. அந்த ஒரு பதிவை மட்டும் கட்டிலிருந்து எடுத்துவிட்டு மற்றதை அனுப்பினேன்.

நோன்பு மாதம் வந்தது. பள்ளிவாசல் பூட்டியிருந்ததால் கஞ்சியும் வீட்டோடு. அக்கா அளவு தெரியாமல் எப்போதும்போல நாலு பேருக்குக் காய்ச்சுவாள், மிஞ்சும். மலையில் எஸ்டேட் பெண்கள் இவளுக்கு முறை வைத்துக் கஞ்சி கொண்டுவந்து கொடுத்ததாகவும், ஏலக்காயைக் கை நிறையப் போட்டுவிடுவதால் குடிக்க முடியவில்லை என்றும் ஒரு பதிவில் சிரித்தபடி சொல்லியிருந்தாள்.

பெருநாளன்று மத்தியானம் அவளிடமிருந்து கட்டு வரத் தொடங்கியது. ஒன்பது துண்டுகள் என்று காட்டியது. ஏழு வந்தன. எட்டாவது வரவே இல்லை. புதுச்சட்டை போட்ட பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு சாயங்காலம்வரை காத்திருந்தேன். வந்த ஏழு துண்டுகளையும் ஒட்டித் திறந்து பார்த்தேன். இது ஜிப் கோப்பே இல்லை என்று லைப்ரரி கையை விரித்துவிட்டது. மறுநாள் புதிதாக ஒரு கட்டு அனுப்பினாள். பாப்பாவுக்கு மூன்று பதிவுகள், ஐந்தே துண்டுகள். நேற்று ஒன்பது இருந்ததே, இன்னும் ஏதோ இருந்திருக்குமே என்று கேட்டு எழுதினேன். ‘அது ஒண்ணுமில்ல, விடுங்க’ என்று பதில் வந்தது. விட்டுவிட்டேன். ஆனால் அந்தப் பாதிக் கோப்பை அழிக்க மனம் வரவில்லை. அவள் அனுப்பிய எல்லாவற்றோடும் அதுவும் கிடந்தது.

அவள் இறங்கி வந்தபோது பதினோரு வாரம் ஆகியிருந்தது. ஊருக்குப் போயிருந்த நர்ஸ் எப்படியோ பாஸ் வாங்கி வந்து சேர்ந்த பிறகுதான் புறப்பட்டாள். வந்தவளைச் சுகாதாரத்துறை ஆட்கள் நேரே மாடி அறைக்கு அனுப்பிவிட்டார்கள், இரண்டு வாரம் யாரோடும் சேரக் கூடாது என்று. வாசலில் ஒரு தாளையும் ஒட்டிவிட்டுப் போனார்கள். மாடிப்படியின் உச்சியில் அவள் உட்காருவாள், அடியில் நாங்கள் உட்காருவோம். பிள்ளையைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவாள். குரல் கேட்டதும் பிள்ளை என் சட்டைப்பையில் கையை விட்டுப் போனைத் தேடும். போனை அலமாரியில் வைத்துவிட்டு வரத் தொடங்கினேன். மேலே இருந்தவளுக்கு அது புரிந்ததா என்று நான் கேட்கவில்லை. பதினைந்தாம் நாள் கீழே வந்தாள். பிள்ளை அக்காவின் சேலைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டது. இவள் அழவில்லை. தரையில் உட்கார்ந்து வெங்காயம் உரிக்க ஆரம்பித்தாள். அரைமணி நேரம் கழித்துப் பிள்ளை தானே வந்து ஒரு வெங்காயத்தை எடுத்து அவள் மடியில் போட்டது.

எல்லை திறந்ததும் மறுபடி ஒன்றரை வருடம் மலைக்குப் போய்வந்தாள். பிறகு எஸ்டேட் வேலையை விட்டுவிட்டு ஊருக்குள் ஒரு மருத்துவமனையில் சேர்ந்தாள். அந்தப் பதினோரு வாரத்தைப் பற்றி நாங்கள் அதிகம் பேசிக்கொண்டதில்லை. ஆனால் எனக்குள் ஒரு குறை இருந்துகொண்டே இருந்தது. ஒரே வீட்டில், ஒரே பாயில் இருந்தும் இருந்தது. அத்தனை நாள் அத்தனை கட்டுகள் வந்தன. அவற்றில் என்னைத் தேடியதாக ஒரு வார்த்தை இருந்ததா? இதைக் கேட்டால் சின்னப்பிள்ளைத்தனம் என்று கேட்காமல் இருந்தேன்.

போன வருடம் அலுவலகத்தில் ஒரு வேலை வந்தது. கிளைகளிலிருந்து வரும் ஜிப் கோப்புகள் அடிக்கடி பாதியில் அறுந்துவிடுகின்றன, அவற்றிலிருந்து எவ்வளவு மீட்க முடியும் என்று பார்க்கச் சொன்னார்கள். அதற்காக ஜிப் கோப்பின் உள்ளமைப்பை முதல் தடவையாக ஒழுங்காகப் படித்தேன். உள்ளே என்ன இருக்கிறது என்ற பட்டியல் கோப்பின் கடைசியில்தான் எழுதப்படுகிறது. லைப்ரரி முதலில் போய்ப் பார்ப்பது அந்தக் கடைசியைத்தான். அது இல்லையென்றால் ஜிப்பே இல்லை என்று சொல்லிவிடும். ஆனால் உள்ளே ஒவ்வொரு கோப்புக்கு முன்னாலும் அதன் பெயர் தனியாக ஒருமுறை எழுதியிருக்கும். வாலைத் தேடாமல் தலையிலிருந்து ஒவ்வொன்றாக நடந்து போனால், அறுந்த இடம்வரை எல்லாவற்றையும் எடுத்துவிடலாம்.

படித்துக்கொண்டிருந்தவன் நாற்காலியில் அப்படியே நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

சனிக்கிழமை காலை. அவள் பணிக்குப் போயிருந்தாள், மகள் பள்ளிக்கூடத்தில், அக்கா கீழே. முப்பது வரிகூட வராத நிரல். அந்தப் பாதிக் கோப்பைக் கொடுத்து ஓட்டினேன். பெயர்கள் ஒவ்வொன்றாகத் திரையில் விழுந்தன. பாப்பாவுக்கு ஒன்று. பாப்பாவுக்கு இரண்டு. பாப்பாவுக்கு மூன்று. உங்களுக்கு.

நாலாவது முழுதாக இல்லை. அவளுடைய பழைய போனின் பதிவு, பாதியில் வெட்டினாலும் இருக்கும்வரை ஓடும் வகை. அவள் வேண்டாம் என்றதைக் கேட்கலாமா என்று கொஞ்ச நேரம் யோசித்தேன். யோசித்தேன் என்று சொல்வதுகூட மரியாதைக்குத்தான். கை தானாகவே பதிவைத் திறந்துவிட்டது.

முதலில் காற்று. பிறகு அவள் மூச்சு, மலை ஏறி இறங்கியவளின் மூச்சு. பிறகு குரல்.

“என்னங்க. நான் எஸ்டேட்டுல இல்ல. குரங்கணிக்கு எறங்குற காட்டுப்பாதையில பாதி இறங்கிட்டேன். விடியுறதுக்கு முன்னாடியே கெளம்பிட்டேன், யாருகிட்டயும் சொல்லல. இங்கேருந்து போடி பூராத் தெரியுது. நம்ம தெரு எதுன்னு தெரியல, ஆனா பள்ளிவாசல் தெரியுது, அத வச்சு இங்கிட்டுத்தான் இருக்கும்னு பாத்துக்கிட்டே இருக்கேன். பெருநாளும் அதுவுமா நீங்க என்ன சட்டை போட்டிருக்கீங்கன்னுகூடத் தெரியல. பாலு மரத்துப்போச்சுங்க. இனிமே அவளுக்குக் குடுக்க எங்கிட்ட ஒண்ணுமில்ல. எனக்கு உங்களப் பாக்கணும். புள்ளைய மட்டும் இல்ல, உங்கள. இன்னும் ரெண்டு மணி நேரம் நடந்தா”

அங்கே அறுந்துவிட்டது.

அதையே எத்தனை தடவை கேட்டேன் என்று நினைவில்லை. அக்கா சாப்பிடக் கூப்பிட்ட சத்தம்கூடக் காதில் விழவில்லை. அன்றைக்கு நான் என்ன சட்டை போட்டிருந்தேன் என்று யோசித்துப் பார்த்தேன். அதுவும் நினைவில்லை.

அவள் சாயங்காலம் வந்து, குளித்து, தொழுது முடிக்கும்வரை பொறுத்திருந்தேன். மாடிக்குக் கூட்டிப் போய், பெருநாள் கோப்பைத் திறந்துவிட்டேன் என்றேன். சட்டென்று அவளுக்குப் புரியவில்லை. புரிந்ததும் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள்.

“அது முழுசா வரவே இல்லையே” என்றாள்.

சிக்னல் போவதற்கு முன்னால் வந்தவரை எடுத்தேன் என்று சொன்னேன்.

“சிக்னல் போகல. நாந்தான் நிறுத்துனேன்.”

அவளே சொன்னாள். பாதையில் அந்த இடத்தில் ஒரு மணி நேரம்போல உட்கார்ந்திருக்கிறாள். சிக்னல் அங்கே நன்றாகவே இருந்தது. எனக்குப் போன் போட நம்பரை எடுத்தும் வைத்திருக்கிறாள். பிள்ளையின் குரல் கேட்டால் இறங்கிவிடுவோம் என்று போடவில்லை. மாசமாக இருந்த இரண்டு பேரில் ஒருத்திக்கு முந்தின நாளே கால் வீங்கியிருந்தது. அதை நினைத்துக்கொண்டே திரும்பி ஏறிவிட்டாள். மத்தியானம் பாறைமேல் நின்று எல்லாவற்றையும் கட்டி அனுப்பத் தொடங்கியவள், ஏழாவது துண்டு போனதும் நிறுத்திவிட்டாள். போனிலிருந்தும் அழித்துவிட்டாள்.

ஏன் நிறுத்தினாய் என்றேன்.

“கேட்டீங்கன்னா ஏறி வந்துருவீங்கன்னு பயம். போலீசு புடிக்கும், காட்டுல ஆனை நிக்கும்.” கட்டில் விரிப்பை இழுத்துவிட்டபடி, “வந்துட்டாத் தேவலன்னும் இருந்துச்சு. அதுனாலதான் நிறுத்துனேன்” என்றாள்.

அறுந்த இடத்துக்குப் பிறகு என்ன சொன்னாய் என்று கேட்டேன். உண்மையாகவே யோசித்தாள். நினைவில்லை என்றாள். கால் வீங்கியிருந்த அந்தப் பெண்ணுக்கு இரண்டாம் நாளே வலி வந்துவிட்டதாம், ஜீப்பு கிடைப்பதற்குள் லயன் வீட்டிலேயே இவள் பிரசவம் பார்த்தாளாம். ஆண் குழந்தை. நன்றாக இருக்கிறான்.

அவள் அவ்வளவு சொன்ன பிறகு நான் மட்டும் எப்படி மறைப்பது? பிள்ளை போனைப் பார்த்து மா என்று சொன்னதையும், அந்தப் பதிவைக் கட்டிலிருந்து நான் எடுத்துவிட்டதையும் சொன்னேன். கேட்கணும் என்றாள். போட்டேன். பிள்ளையின் குரல் இரண்டு தடவை கேட்டது, பின்னால் அக்காவின் சிரிப்பு. அவள் தலையைக் குனிந்துகொண்டு கேட்டாள்.

“இத அப்பவே அனுப்பியிருந்தீங்கன்னா நான் எறங்கி வந்திருப்பேன்” என்றாள்.

சொன்ன விதத்தில் அது குறையா, நல்லவேளை என்றா, எனக்குப் பிடிபடவில்லை. கீழே மகள் கூப்பிட்டாள். எழுந்து போய்விட்டாள்.

சில வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, குரங்கணிக்குப் போய்வரலாமா என்று அவளே கேட்டாள். பஸ்சில் மூவரும் போனோம். அந்த இடத்தைக் கீழேயிருந்து ஏறிப் போய்ப் பார்க்க அவளுக்கு ஆசை, வாய்விட்டுச் சொல்லவில்லை. ஊரைத் தாண்டி, காபித் தோட்டங்களைத் தாண்டி நடந்தோம். வனத்துறை கேட்டில் நிறுத்திவிட்டார்கள். அனுமதிச் சீட்டு இல்லாமல் மேலே விடமாட்டோம் என்றார் காவலர், மரியாதையாகத்தான் சொன்னார். நான் கேட்டுப் பார்க்கிறேன் என்றேன், அவள் வேண்டாம் என்றாள். மகள் பக்கத்து ஓடையில் கால் நனைக்கப் போய்விட்டாள்.

அவள் கேட்டைப் பிடித்துக்கொண்டு மேலே பார்த்தபடி நின்றாள். நான் பக்கத்தில் போய் நின்றேன்.

“மேலேருந்து பாத்தா கீழ எல்லாம் தெரிஞ்சுச்சு. இங்கேருந்து அந்த எடம் தெரியவே இல்ல” என்றாள்.

சரிவில் மேகம் இறங்கியிருந்தது. எங்கே உட்கார்ந்திருந்தாய், தோராயமாகக் கையைக் காட்டு என்றேன். கையை உயர்த்தி ஓர் இடத்தைக் காட்டினாள். பிறகு, அது இல்லை, இன்னும் கொஞ்சம் இடப்பக்கம் என்றாள். அங்கேயும் மரங்கள்தான் இருந்தன. நான் அந்தத் திசையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பஸ்சுக்கு இன்னும் நேரம் இருந்தது.